பழைய கெஸ்கட்டும் வானுக்குள் வரும் புகையும்

(தோட்ட வாசிகசாலையில் வான் சாரதிகள், வாகனத் தொழில் பழகும் இளைஞர்கள், பெற்றோர்கள் முன்னிலையில் வாகன இயந்திரப் பயிற்றுநர் ஒருவர் ஆற்றிய பேச்சு. பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



மெனிபோல்ட் கெஸ்கட் பற்றிப் பேசப் போறேன்னு சொன்னதும் முன்வரிசையில் இருக்கிற அக்காமார் சிலர் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டாங்க. கராஜ் பாஸ்மாருக்குச் சொல்ல வேண்டியதை நமக்கு எதுக்குச் சொல்றார் என்று நினைக்கலாம். ஆனால் விடியக்காலையில் லயத்து வாசலில் நின்று பிள்ளையைப் பள்ளிக்கூட வானில் ஏத்தி விடுறது நீங்க. கர்ப்பிணித் தங்கச்சியைக் கிளினிக்குக்குக் கூட்டிக்கிட்டுப் போறதும் அதே வானில்தான். அதனால இது கராஜுக்குள்ளே மட்டும் இருக்க வேண்டிய பேச்சு இல்லை. உங்களுக்கு முதல்ல, பாஸ்மாருக்குப் பிறகு என்று பிரிச்சுச் சொல்றேன்.

எஞ்சினுக்குள்ளே எண்ணெய் எரியுது. எரிஞ்ச புகை ஒவ்வொரு சிலிண்டரிலிருந்தும் ஒரு வாசல் வழியா வெளியே வரணும். நாலு சிலிண்டர் என்றால் நாலு வாசல். அந்த நாலு வாசலையும் ஒன்றாய்ச் சேர்த்துச் சைலன்சர் குழாய்க்கு அனுப்பும் வார்ப்பிரும்புக் குழாய்தான் எக்சோஸ்ட் மெனிபோல்ட். எஞ்சின் தலைக்கும் அந்தக் குழாய்க்கும் நடுவில் புகை ஒழுகாமல் அமுங்கி இருக்கிற தகடுதான் கெஸ்கட். பெற்றோல் எஞ்சின் ஏற்றத்தில் இழுக்கும்போது அந்த வாசலில் வெப்பம் 700, 800 பாகை செல்சியஸைத் தாண்டும். கொழுந்து வாட்டுற சூட்டோடு இதை ஒப்பிடவே முடியாது. இரும்பு சிவக்கிற சூடு.

நம்ம பக்கம் ஓடுற வான்களில் நிறைய, எஞ்சின் முன்னால் இல்லாமல் முன் ஆசனத்துக்குக் கீழே இருக்கிற வகை. ஆசனத்தைத் தூக்கினால் எஞ்சின் மூடி, மூடியைத் தூக்கினால் எஞ்சின். காருக்கும் இதே மெனிபோல்ட், இதே கெஸ்கட்தான். ஆனால் காரில் எஞ்சினுக்கும் ஆளுக்கும் நடுவில் இரும்புச் சுவர் ஒன்று இருக்குது. இந்த வானில் இருக்கிறது ஒரு மூடியும் அதைச் சுற்றி ஒரு ரப்பர் பட்டியும்தான். அந்த ரப்பர் பத்து வருஷத்தில் காய்ஞ்சு வெடிச்சுப் போகுது. கீழே கெஸ்கட் ஒழுகினால் மேலே வர வழி திறந்தே இருக்குது. மழைக்கும் குளிருக்கும் கண்ணாடி எல்லாத்தையும் மூடிக்கிட்டுத்தானே போறோம்? வந்த புகை வெளியே போக இடமில்லை.

அந்தப் புகையில் கருப்பாய்க் கண்ணுக்குத் தெரியறது ஒரு பங்கு. தெரியாதது இன்னொரு பங்கு. பிள்ளைகள் விஞ்ஞானப் புத்தகத்தில் காபனோரொட்சைட்டு என்று படிச்சிருப்பாங்க. நிறமில்லை, மணமில்லை. நம்ம இரத்தத்தில் ஒட்சிசனைச் சுமக்கிற ஈமோகுளோபின், இந்த வாயுவைக் கண்டால் ஒட்சிசனைவிட 200 மடங்குக்கு மேல் ஆசையாய்ப் பிடிச்சுக்கும். பிடிச்சதை லேசில் விடாது. சுத்தமான காற்றுக்கு வந்த பிறகும் உடம்பில் ஏறினதில் பாதி இறங்கவே நாலைந்து மணித்தியாலம் ஆகும். காலையில் ஏறினது முழுசாய் இறங்க முன்னமே பின்னேரம் பிள்ளை அதே வானில் திரும்பி வருது.

மலைநாட்டில் இது இன்னும் மோசம். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,870 மீற்றர் உயரம். அங்கே ஒரு மூச்சில் கிடைக்கிற ஒட்சிசன் கொழும்பில் கிடைக்கிறதைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. குறைவாய் இருக்கிறதிலும் இந்த வாயு பங்கு பிடுங்குது. இரத்தச்சோகை உள்ள பெண்களுக்குச் சுமக்கிற ஆளே குறைவு. வயிற்றில் இருக்கிற பிள்ளைக்குத் தாயைவிட அதிகப் பாதிப்பு. பயமுறுத்தச் சொல்லவில்லை. ஆனால் இதில் ஒரு தந்திரம் இருக்குது, அதை நீங்க தெரிஞ்சுக்கணும். இந்த வாயுவின் அடையாளம் தலையிடி, தலைச்சுற்று, வாந்தி, அசதி, தூக்கம். நம்ம ரோட்டில் இருக்கிற வளைவுகளுக்கு எந்தப் பிள்ளைக்குத்தான் வாந்தி வராது? "பிள்ளைக்கு வண்டி ஒத்துக்காது" என்று எலுமிச்சம்பழத்தைக் கையில் கொடுத்து விட்டுடுறோம்.

வளைவால் வர்ற வாந்திக்கும் புகையால் வர்ற வாந்திக்கும் வித்தியாசம் பார்க்கலாம். வளைவு வாந்தி, இறங்கிக் கொஞ்ச நேரம் நின்றால் தெளிஞ்சிடும். புகைத் தலையிடி பள்ளிக்கூடம் போன பிறகும் இடிக்கும். ஒரு பிள்ளைக்கு மட்டும் என்றால் வளைவாய் இருக்கலாம். ஒரே வானில் வர்ற நாலு பிள்ளைக்கும் தலையிடி என்றால் வளைவைக் குற்றம் சொல்லக் கூடாது. வண்டி ஓட்டுறவருக்குப் பொதுவாய் வாந்தி வராது. அவருக்கும் தலை இடிக்குது, கொட்டாவி வருது என்றால் வண்டியை நிறுத்தி எஞ்சின் மூடியைத் திறந்து பார்க்கத்தான் வேணும். யாராவது மயங்கினால் முதல் வேலை கதவைத் திறந்து எல்லாரையும் வெளியே இறக்கிறது. பிறகு 1990 சுவசெரிய அம்பியூலன்ஸுக்கு அழைச்சு, "வாகனப் புகை பட்டிருக்கலாம்" என்று வாயைத் திறந்து சொல்லுங்க. ஆஸ்பத்திரியில் ஒட்சிசன் கொடுத்தால் அந்த வாயு ரொம்பச் சீக்கிரமாய் இறங்கும். சொல்லாவிட்டால் சாதாரண மயக்கம் என்று நினைக்க இடமிருக்குது.

டீசல் வான் வைத்திருக்கிற தம்பி ஒருத்தர், "நம்மளோடது டீசல்தானே அண்ணே" என்று வாசலிலேயே கேட்டுட்டார். நியாயமான கேள்வி. டீசலில் காபனோரொட்சைட்டு பெற்றோலைவிட நல்லாக் குறைவு. ஆனால் கரியும் கண் எரிக்கிற மற்ற வாயுக்களும் அதில் உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு 2012-இல் டீசல் புகையைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்றே வகைப்படுத்தியது. பெற்றோல் வானில் இன்னொரு விசயம். புதுசான வண்டிகளில் புகையைச் சுத்தம் பண்ணுகிற கன்வர்ட்டர் ஒன்று குழாயில் இருக்கும். மெனிபோல்டில் ஒழுகுற புகை அதற்கு முன்னாலேயே ஒழுகுது. சுத்தமாகாத பச்சைப் புகை.

சரி, இனிப் பாஸ்மாருக்கு வருவோம்.

கெஸ்கட் ஒழுகுறதைக் கண்டுபிடிக்க நல்ல நேரம் விடியக்காலை. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் பண்ணினதும் "டிக் டிக்" என்றோ "புஸ் புஸ்" என்றோ ஒரு சத்தம் வரும். அஞ்சு பத்து நிமிசத்தில் இரும்பு சூடாகி விரிஞ்சு இடைவெளியை அடைச்சுக்கும், சத்தம் நின்றுடும். நின்றுட்டுதே, சரியாயிட்டுது என்று விடுறவங்கதான் அதிகம். டெப்பட் சத்தம் என்று நினைச்சு டெப்பட்டைத் திருகுறவங்களும் உண்டு. மூட்டுப் பக்கத்தில் கருப்புக் கரிக்கோடு இருக்குதா என்று டோர்ச் அடிச்சுப் பாருங்க. கோடு இருந்தால் ஒழுகல் இருக்குது. இன்னும் சந்தேகம் என்றால், வெளி முற்றத்தில் குளிர்ந்த எஞ்சினை ஓட விட்டு, ஒருத்தர் தடித்த துணியால் பின்குழாய் வாயைக் கொஞ்ச நேரம் பாதி அடைக்கட்டும். ஒழுகுற இடத்தில் சத்தம் கூடும். செட்டுக்குள்ளே வைத்து இதைச் செய்யவே கூடாது.

ஒழுகலை விட்டு வைத்தால் கையையும் கடிக்கும். ஒட்சிசன் சென்சர் உள்ள பெற்றோல் எஞ்சினில், அந்த ஒழுகல் வழியா வெளிக்காற்று உள்ளே இழுபடும். சென்சர் அதைப் பார்த்து "பெற்றோல் போதாது" என்று தப்பாய்ச் சொல்லும், எஞ்சின் கூடக் குடிக்கும். டர்போ போட்ட டீசல் என்றால் டர்போவைச் சுழற்ற வேண்டிய அமுக்கம் வழியிலேயே போயிடும். ஏற்றத்தில் இழுவை குறையும், கரும்புகை வரும்.

இப்போ எல்லாரும் கேட்கிற கேள்வி. வேற வேலைக்காக மெனிபோல்டைக் கழட்டினோம். கெஸ்கட் பார்க்க நல்லா இருக்குது. திருப்பிப் போடலாமா?

அது எந்த வகைக் கெஸ்கட் என்பதில்தான் பதில் இருக்குது. முதல் வகை, தகட்டின் மேல் காரீயமோ நார்ப் பொருளோ ஒட்டினது. காரீயம் என்றால் நம்ம போகலைச் சுரங்கத்தில் தோண்டுற அதே சாமான்தான். இந்த வகை ஒரு தடவை அமுங்கினால் அமுங்கினதுதான். எஞ்சின் தலையில் இருக்கிற மேடு பள்ளத்துக்கு ஏற்ற மாதிரி அது படிஞ்சு போச்சு. கழட்டும்போது பாதி இந்தப் பக்கமும் பாதி அந்தப் பக்கமும் ஒட்டிக்கிட்டு வரும். பிய்யாமல் வந்தாலும், திரும்ப வைக்கும்போது அதே மேட்டில் அதே பள்ளம் உட்காராது. இதைத் திருப்பிப் போடவே கூடாது.

இரண்டாவது, மெல்லிய எஃகுத் தகடுகளை அடுக்கினது. வாசலைச் சுற்றி ஒரு மேடு அமுக்கி வைத்திருப்பாங்க. அந்த மேடு சுருள்கம்பி மாதிரி எதிர்த்துத் தள்ளித்தான் புகையை அடைக்குது. பழசைப் புதுசோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பழசின் மேடு தட்டையாகி இருக்கிறது விளங்கும். வண்டி செய்யுற கொம்பனிகள் இதையும் மாற்றச் சொல்றாங்க. மழைக்காலம், ரோடு அடைபட்டுப் போச்சு, புதுசு வர ரெண்டு நாள் ஆகும், வண்டியைக் கராஜிலிருந்து வீட்டுக்கு எடுக்கணும் என்றால், எரிஞ்ச கோடு ஒன்றும் இல்லாத தகட்டை முன்பு இருந்த அதே பக்கம், அதே முகமாய் வைத்து, கண்ணாடியைத் திறந்து ஓட்டி வரலாம். அது வீடு வந்து சேரத்தான். ஆள் ஏத்த இல்லை.

மூன்றாவது, முழுச் செம்பு. இதுதான் திருப்பிப் போடக் கூடியது. செம்பு அமுங்க அமுங்க இறுகிப் போகும். மங்கலாய்ச் சிவக்கிற வரை சூடாக்கி ஆற விட்டால் பழையபடி இளகும். தண்ணீரில் போட்டாலும் சரி, அப்படியே ஆறினாலும் சரி, செம்புக்கு வித்தியாசமில்லை. மேலே வர்ற கருப்புப் படையைத் துடைச்சுட்டு, ஓரத்தில் அரிப்பு, வெடிப்பு, மெலிவு இல்லை என்றால் போடலாம். பழைய பாஸ்மார் "கெஸ்கட்டைச் சுட்டுப் போட்டோம்" என்று சொன்னது செம்பைத்தான். மற்ற வகையைச் சுட்டால் கையில் மிஞ்சுறது சாம்பல்.

பால் டின்னை வெட்டிப் போடுறது, குளிர்பான டின்னை வெட்டிப் போடுறது எல்லாம் நான் கண்டிருக்கேன். குளிர்பான டின் அலுமினியம். அலுமினியம் 660 பாகையில் உருகிடும். புகையின் சூடு அதற்கு மேலே போகும் என்று இப்பத்தான் சொன்னேன். கோர்க், கடதாசி வகைக் கெஸ்கட் சீட் எண்ணெய்க்கும் தண்ணிக்கும்தான். புகை வாசலில் வைத்தால் கருகிப் போகும். வெட்டித்தான் ஆகணும் என்றால், நடுவில் எஃகுத் தகடு உள்ள, எக்சோஸ்ட்டுக்கு என்றே விற்கிற காரீயச் சீட்டைக் கேட்டு வாங்குங்க.

அடுத்தது சிலிக்கோன். பழைய கெஸ்கட்டின் ரெண்டு பக்கமும் சிவப்புச் சிலிக்கோனைப் பிதுக்கிப் பூட்டிட்டால் சரி என்று ஒரு நம்பிக்கை பரவிக் கிடக்குது. குழாயில் "அதிக சூடு தாங்கும்" என்று எழுதியிருக்கும். எவ்வளவு என்று பாருங்க. சுமார் 300 பாகை, அதற்குக் கொஞ்சம் மேலே. எண்ணெய்ச் சட்டிக்கு அது தாராளம். மெனிபோல்டுக்கு அது காலையில் இருந்து மத்தியானம் வரைக்கும் தாங்காது. எரிஞ்சு உதிர்ந்தால் இடைவெளி முன்னைவிடப் பெரிசாகும். எரியும் சிலிக்கோன் ஆவி ஒட்சிசன் சென்சரையும் கெடுக்கும். சைலன்சருக்குப் பூசுற எக்சோஸ்ட் பேஸ்ட் என்று ஒன்று இருக்குது, மண் மாதிரி இறுகும். அது குழாய்க்குள் குழாய் நுழையிற மூட்டுக்குச் சரி. மெனிபோல்ட் ஒவ்வொரு ஓட்டத்திலும் விரிஞ்சு சுருங்குது. எஞ்சின் தலை அலுமினியம் என்றால் அது வார்ப்பிரும்பைவிட ஏறக்குறைய ரெண்டு மடங்கு விரியும். ரெண்டும் ஒன்றின் மேல் ஒன்று வழுக்கணும். இறுகின மண் எப்படி வழுக்கும்? தூளாய்க் கொட்டும். புதுக் கெஸ்கட்டை ஒன்றும் பூசாமல், காய்ஞ்சபடி பூட்டுறதுதான் பெரும்பாலான எஞ்சினுக்கு முறை.

உண்மையைச் சொன்னால், புதுக் கெஸ்கட் போட்டும் மூணு மாசத்தில் ஒழுகுது என்று வர்ற வண்டிகளில் பிழை கெஸ்கட்டில் இல்லை. மெனிபோல்ட் வளைஞ்சிருக்கும், இல்லாவிட்டால் ஸ்டட் உடைஞ்சிருக்கும். மெனிபோல்ட் நீளவாக்கில் விரியிறதால் ரெண்டு ஓரத்து ஸ்டட்தான் முதலில் உடையும். எல்லா ஸ்டட்டும் இருக்குதா என்று எண்ணிப் பாருங்க. கழட்ட முதல் நாள் இராத்திரியே துரு இளக்கும் எண்ணெய் போட்டு ஊற விடுங்க. நட்டு அசையலேன்னா நீளக் குழாய் மாட்டித் தொங்காதீங்க. இறுக்குற பக்கம் ஒரு மயிரளவு தட்டி, பிறகு இளக்குற பக்கம். அதற்கும் வரலேன்னா காஸ் நெருப்பால் நட்டைச் சூடாக்கலாம்; பெற்றோல் குழாயும் வயரும் எங்கே போகுதுன்னு முதலில் பார்த்துக்கணும். ஒரு ஸ்டட் உடைஞ்சால் அதை எடுத்துப் புதுசு போட்ட பிறகுதான் மற்ற வேலை.

கழட்டினதும் வாசல்களைச் சுத்தமான துணியால் அடைச்சுட்டுச் சுரண்டுங்க. அலுமினியத் தலையில் கிரைண்டரை வைக்காதீங்க, நிமிசத்தில் பள்ளம் விழுந்திடும். பிறகு நேரான எஃகு மட்டத்தை மெனிபோல்ட் முகத்தில் வைத்து, கீழே பீலர் கேஜ் நுழையுதா என்று பார்க்கணும். எவ்வளவு வளைவு ஆகும் என்பது எஞ்சினுக்கு எஞ்சின் மாறும், கைநூலில் எண் இருக்கும். அதற்கு மேலே போனால் லேத்துக்குக் கொண்டு போய் முகத்தைச் சீவிக்கிட்டு வாங்க. வளைஞ்ச மெனிபோல்டை நட்டால் இழுத்து நேராக்கப் பார்த்தால் வார்ப்பிரும்பு வெடிக்கும். இறுக்கும்போது நடுவிலிருந்து ஓரத்துக்கு, மாறி மாறி, மூணு தடவையாய், டோர்க் ஸ்பானரால். முதல் ஓட்டம் முடிஞ்சு ஆறின பிறகு திரும்ப இறுக்கச் சொல்லிக் கைநூலில் இருந்தால் இறுக்குங்க. சில எஞ்சினுக்கு வேண்டாம் என்றே எழுதியிருக்கும்.

குழாயைத் தாங்குற ரப்பர், பிராக்கெட், எஞ்சின் மவுண்ட் இவற்றையும் பாருங்க. தோட்டத்து ரோட்டில் ஒவ்வொரு குழியிலும் சைலன்சர் பாரம் முழுக்க மெனிபோல்டில் தொங்கினால் எந்தக் கெஸ்கட்டும் நிற்காது. கடைசியாய் எஞ்சின் மூடியின் ரப்பர் பட்டி. பஞ்சிகாவத்தையில் தேடினால் பழைய மூடியோடு கிடைக்கும், ஆனால் ரப்பரைப் புதுசாய்ப் போடுறதே நல்லது.

பழைய வண்டிக்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பழங்காலக் கெஸ்கட்டுகளில் அஸ்பெஸ்டஸ் நார் இருந்தது. எதில் இருக்குது, எதில் இல்லை என்று கண்ணால் சொல்ல முடியாது. காய்ஞ்சபடி சுரண்டினாலும் கம்பி பிரஷ் போட்டாலும் காற்றுக் குழாயால் ஊதினாலும் அந்தத் தூள் பறக்கும். மூச்சில் போனால் வருஷங்கள் கழிச்சு நுரையீரலில் வேலை காட்டும், புற்றுநோய் வரைக்கும். தண்ணி தெளிச்சு நனைச்சுச் சுரண்டுங்க, சுரண்டினதை ஈரத்தோடு பையில் கட்டுங்க. அந்த உடுப்போடு வீட்டுக்குப் போய்ப் பிள்ளையைத் தூக்காதீங்க. உதறித் துவைக்கிறது யாரு? வீட்டில் இருக்கிற பெண்தான். அவங்க மூச்சிலும் அது போகும்.

ஒரு அக்கா சீட்டு எழுதி அனுப்பியிருக்காங்க: "புகை மணத்தால் வானின் பின்கதவைக் கொஞ்சம் திறந்து கட்டி ஓட்டுறாங்க, நல்லதா?" இல்லீங்க அக்கா. ஓடுற வானின் பின்னால் காற்று சுழலும். பின்குழாய்ப் புகையையும் சேர்த்து உள்ளே இழுக்கும். திறக்கிறதென்றால் பக்கக் கண்ணாடிகளைத் திறக்கணும். திறந்துக்கிட்டே அன்றைக்கே கராஜுக்குப் போகணும். சிவனொளிபாதமலைப் பயணத்தில் குளிருக்கு எஞ்சினை ஓட விட்டு வானுக்குள் தூங்குற பழக்கத்தையும் இதோடு சேர்த்து நிறுத்துங்க.

வெளியே நிற்கிற வான் நேற்றுச் சாயந்தரத்திலிருந்து ஸ்டார்ட் பண்ணாமல் இருக்குது. நான்தான் அப்படிக் கேட்டுக்கிட்டேன். எஞ்சின் நல்லாக் குளிர்ந்திருக்கும். எல்லாரும் வாங்க, ஆசனத்தைத் தூக்கிக் காட்டுறேன். தாய்மார் முன்னால் நில்லுங்க, சாரதித் தம்பி சாவியைப் போடட்டும். முதல் ஒரு நிமிசம் யாரும் பேசாமல் சத்தத்தை மட்டும் கேளுங்க.